அமெரிக்கக் கால்பந்தில் இரண்டாம் நிலை லீக் ஏன் வேரூன்றுவதில்லை?

2019 பிப்ரவரியில் ஏஏஎஃப் என்றொரு லீக் தொடங்கியது. ஏப்ரல் 2-ஆம் தேதி, சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, நின்றுபோனது. 2020-இல் எக்ஸ்எஃப்எல் ஐந்து வாரம் ஆடியது. கொரோனா வந்ததும் திவாலானது. 2022-இல் யுஎஸ்எஃப்எல் என்ற பழைய பெயரில் புதிய லீக் வந்தது. 2023-இல் எக்ஸ்எஃப்எல் வேறு உரிமையாளர்களிடம் மறுபடி தொடங்கியது. 2024-இல் இந்த இரண்டும் சேர்ந்து யுஎஃப்எல் ஆயின. 2026 சீசனுக்காக அதிலும் மூன்று நகரங்களை எடுத்துவிட்டு வேறு மூன்று நகரங்களைச் சேர்த்தார்கள்.

செய்தியைப் பின்தொடரும் ஒருவருக்குத் தலை சுற்றுவது இயல்புதான். நாம் கால்பந்து என்று சொல்லும் சாக்கர் அல்ல இது; அமெரிக்கர்கள் மிக அதிகமாகப் பார்க்கும் வேறு விளையாட்டு. ஆனாலும் அதன் இரண்டாம் படியில் எதுவும் நிற்பதில்லை. பேஸ்பாலில் 30 பெரிய அணிகளுக்குக் கீழே 120 கிளை அணிகள் இருக்கின்றன. கூடைப்பந்தில் 2001 முதல் ஒரு வளர்ப்பு லீக் நடக்கிறது. ஐஸ் ஹாக்கியின் கிளை லீக் 1936-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கால்பந்துக்கு மட்டும் என்ன கேடு?

ஆட்டத்தின் தரம் குறைவு, மக்களுக்கு ஆர்வம் இல்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மைகூட இல்லை. ஒரு மைனர் லீக் செய்யவேண்டிய வேலையை இங்கே வேறொருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். அது கல்லூரிக் கால்பந்து. அதற்கு, தொழில்முறைக் கால்பந்தின் பெரிய லீக்கான என்எஃப்எல் ஒரு காசு கொடுப்பதில்லை. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

எதை மைனர் லீக் என்கிறோம்?

ஒரே பெயரில் நாலு வெவ்வேறு விஷயங்கள் புழங்குகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. கிளை லீக்: பெரிய லீக்கே பணம் போட்டு, தன் வீரர்களை அனுப்பிப் பழக்கும் இடம். கால்பந்தில் இது முழு அளவில் ஒரே ஒரு முறைதான் நடந்தது, அதுவும் ஐரோப்பாவில்.

2. தனி லீக்: என்எஃப்எல்லுடன் போட்டியும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அது கழற்றிவிட்டவர்களையும் அதன் கண்ணில் படாதவர்களையும் வைத்து ஆடுவது. இன்றைய யுஎஃப்எல் இந்த வகை.

3. போட்டி லீக்: என்எஃப்எல்லுக்கு நிகராக, அல்லது அதற்குப் பதிலாக வர நினைத்தது. 1960-இன் அமெரிக்கன் ஃபுட்பால் லீக், 1974-75-இன் வேர்ல்டு ஃபுட்பால் லீக், 1983-85-இன் யுஎஸ்எஃப்எல் ஆகியவை இப்படிப்பட்டவை. தோற்றுப்போனதால் மட்டும் இவற்றை மைனர் என்று சொல்வது சரியாகாது.

4. அரைத்தொழில் அணிகள்: பகலில் வேறு வேலை, வார இறுதியில் ஆட்டம். பெரும்பாலும் வீரர்களே சந்தா கட்டி, தங்கள் கவசங்களைத் தாங்களே வாங்கி ஆடுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ரெட் அண்டு பிளாக் அணி 1896-இல் தொடங்கியது, என்எஃப்எல்லைவிட மூத்தது.

உள்ளரங்கக் கால்பந்து ஐந்தாவதாக ஒரு தனிக் கிளை. அதற்குப் பிறகு வருவோம்.

பெயர்கள் வேறு திரும்பத் திரும்ப வருகின்றன. 1980-களின் யுஎஸ்எஃப்எல்லும் 2022-இன் யுஎஸ்எஃப்எல்லும் ஒன்றல்ல. 2009 முதல் 2012 வரை ஆடிய யுஎஃப்எல்லுக்கும் இன்றைய யுஎஃப்எல்லுக்கும் தொடர்பில்லை. பழைய செய்தி எதைப் படித்தாலும் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லூரி பிடித்துக்கொண்ட இடம்

என்எஃப்எல் 1920-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தது. அப்போதே கல்லூரிக் கால்பந்து அரை நூற்றாண்டு பழையது. அரங்கம் நிறைய கூட்டம், பத்திரிகையில் முதல் பக்கம் எல்லாம் அதற்குத்தான். தொழில்முறை ஆட்டத்தை மதிப்புக் குறைவாகப் பார்த்த காலம் அது. பேஸ்பாலில் நிலைமை வேறு. அங்கே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி 1920-களில் சின்ன ஊர் அணிகளை விலைக்கு வாங்கி, தன் வீரர்களை அங்கே வளர்க்கத் தொடங்கினார். கால்பந்தில் அப்படி ஒருவர் வரவேண்டிய தேவையே எழவில்லை. பயிற்சி பெற்ற, ரசிகர்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த 21, 22 வயது இளைஞர்கள் ஆண்டுதோறும் தானாகவே வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் காக்க ஒரு விதியும் உண்டு. உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரை என்எஃப்எல்லின் டிராஃப்டுக்குள், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்குள், யாரும் நுழைய முடியாது. ஒஹாயோ ஸ்டேட் அணியின் மாரிஸ் கிளாரெட் முதலாம் ஆண்டிலேயே தேசிய சாம்பியன் அணியில் ஆடியவர். இந்த விதியை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். 2004-இல் கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர்.

பதினெட்டு வயதிலிருந்து இருபத்தொன்று வரை ஒரு வீரன் எங்கே போவான்? கல்லூரிக்குத்தான். உயர் பிரிவில் மட்டும் 130-க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றிலும் 2025 வரை பல காலம் 85 உதவித்தொகை இடங்கள் இருந்தன. கூட்டிப் பார்த்தால் 11,000 பேருக்கு மேல். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 1,07,601 இருக்கைகள். ஆண்டுக்குச் சுமார் 260 பேரை மட்டுமே டிராஃப்டில் எடுக்கும் என்எஃப்எல்லுக்கு, சொந்தச் செலவில் இன்னொரு பயிற்சிக்கூடம் எதற்கு?

கல்லூரிக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1961-இன் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் என்எஃப்எல் அணிகள் தங்கள் தொலைக்காட்சி உரிமையை ஒன்றாகச் சேர்த்து விற்க அனுமதித்தது. பதிலுக்கு, இலையுதிர்கால சீசனில் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் தொழில்முறை ஆட்டங்களை ஒளிபரப்பத் தடை வைத்தது. வெள்ளி பள்ளிக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு என்எஃப்எல்லுக்கு என்று வாரம் பிரிந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் மூன்றாவது லீக் ஒன்று நுழையக் கிழமையே மிச்சமில்லை. இன்றைய தனி லீக்குகள் எல்லாம் வசந்த காலத்தில் ஆடுவது இதனால்தான்.

முதல் அலை: 1936 முதல் 1950 வரை

இந்த நெருக்கடிக்கு முன் ஒரு நல்ல காலம் இருந்தது. என்எஃப்எல் வடகிழக்கிலும் பெரும் ஏரிகளை ஒட்டிய நகரங்களிலும் மட்டும் ஆடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தெற்கும் மேற்கும் காலி. 1936-இல் நியூயார்க், நியூ ஜெர்சிப் பக்கம் அமெரிக்கன் அசோசியேஷன் தோன்றியது. அதே ஆண்டு வர்ஜீனியாவை ஒட்டி டிக்ஸி லீக். 1940-இல் கலிஃபோர்னியாவில் பசிபிக் கோஸ்ட் லீக். பேஸ்பாலைப் பார்த்து, சில என்எஃப்எல் அணிகள் கிளை வைத்துக்கொண்டன. ஜெர்சி சிட்டி ஜயண்ட்ஸ் என்பது நியூயார்க் ஜயண்ட்ஸின் கிளை; நூவர்க் பேர்ஸ் என்பது சிகாகோ பேர்ஸின் கிளை. இந்தப் பாதை தொடர்ந்திருந்தால் இன்றைய கதையே வேறாக இருந்திருக்கும்.

பசிபிக் கோஸ்ட் லீக்கைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. உரிமையாளர்கள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் நாடறிந்த நட்சத்திரமாக இருந்த கென்னி வாஷிங்டனும் அவருடைய தோழர் உட்டி ஸ்ட்ரோடும் இதனால் ஹாலிவுட் பேர்ஸ் என்ற மேற்குக் கரை அணியில் ஆடினார்கள். பின்னர் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனும் லாஸ் ஏஞ்சல்ஸ் புல்டாக்ஸ் அணிக்குச் சிறிது காலம் ஆடியிருக்கிறார். பெரிய லீக்கில் ஆடத் தகுதி இல்லாததால் அங்கே போனவர்கள் அல்ல இவர்கள். அன்றைய கணக்கில் எது மேல் லீக், எது கீழ் லீக் என்பதைத் திறமை மட்டும் முடிவுசெய்யவில்லை. புள்ளிவிவரப் பட்டியல்களில் பசிபிக் கோஸ்ட் லீக்கை மைனர் என்று போடும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

1946-இல் கிளீவ்லாந்து ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. பொதுப்பணத்தில் கட்டிய கொலிசியம் அரங்கைத் தர வேண்டுமானால் கறுப்பின வீரர்களையும் சேர்க்க வேண்டும் என்று உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் வலியுறுத்தினார்கள். ராம்ஸ் வாஷிங்டனையும் ஸ்ட்ரோடையும் ஒப்பந்தம் செய்தது. பெரிய வெற்றி, ஆனால் மேற்குக் கரை லீக்குக்கு அதுவே முடிவின் தொடக்கம். அதே ஆண்டு ஆல்-அமெரிக்கா கான்ஃபரன்ஸ் என்ற போட்டி லீக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அணி வைத்தது. பெரிய லீக் ஊருக்கே வந்துவிட்டால் சின்ன லீக்கைப் பார்க்க யார் வருவார்கள்? பசிபிக் கோஸ்ட் லீக் 1948-இல் முடிந்தது. டிக்ஸி லீக் 1947-இலேயே போய்விட்டது. போருக்காக 1942 முதல் 1945 வரை நிறுத்தி வைத்து, பெயரை மாற்றிக்கொண்டு திரும்பிய அமெரிக்கன் அசோசியேஷன் 1950 வரை தாக்குப்பிடித்தது.

டாக்சி கம்பெனி சம்பளப் பட்டியல்

கிளை அணிகளைத் தேவையற்றதாக ஆக்கிய இன்னொரு கண்டுபிடிப்பும் அந்த ஆண்டுகளில்தான் வந்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன், அணிப் பட்டியலில் இடமில்லாத நல்ல வீரர்களை விட மனமில்லாமல் தவித்தார். அணி உரிமையாளர் மிக்கி மெக்பிரைடுக்கு டாக்சி கம்பெனி இருந்தது. அந்த வீரர்களை டாக்சி கம்பெனியின் சம்பளப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அணியோடு பயிற்சி செய்ய வைத்தார்கள். யாருக்காவது அடிபட்டால் உடனே ஆள் தயார். "டாக்சி ஸ்குவாட்" என்ற சொல் இப்படித்தான் வந்தது.

இன்று இதற்கு முறையான பெயர் பிராக்டிஸ் ஸ்குவாட். 53 பேர் கொண்ட பிரதான பட்டியலுக்கு வெளியே, பயிற்சிக்கென்று வைத்திருக்கும் வீரர்கள். 2004-இல் அணிக்கு எட்டு பேர், 2014-இல் பத்து பேர், 2020-இன் பெருந்தொற்றுக் காலத்திலிருந்து பதினாறு பேர். 32 அணிகளுக்கும் சேர்த்தால் 512 பேர். ஒரு முழு மைனர் லீக்குக்குப் போதுமான ஆட்கள் இவர்கள். ஆனால் டிக்கெட் வாங்கி வருபவர்கள் முன்னால் அரிதாகவே ஆடுகிறார்கள். வாரம் முழுக்க அடுத்த எதிரணியைப்போல நடித்து ஆடி, பிரதான வீரர்களைத் தயார்ப்படுத்துவதுதான் அவர்கள் வேலை. பயிற்சி கிடைக்கிறது, உண்மையான ஆட்ட அனுபவம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) போன்ற, களத்தில் நின்றுதான் கற்க முடிகிற இடங்களுக்கு இது பெரிய குறை.

அறுபதுகளின் ஊர் அணிகள்

1962-இல் அட்லான்டிக் கோஸ்ட் லீக், 1965-இல் கான்டினென்டல் லீக் என்று இரண்டாவது அலை எழுந்தது. நார்ஃபோக், ஆர்லாண்டோ, சார்ல்ஸ்டன், பாட்ஸ்டவுன், பிரிட்ஜ்போர்ட் போன்ற, பெரிய அணி கிடைக்காத ஊர்கள்தான் இதன் உயிர். சம்பளம் சொற்பம், பகலில் ஆலையிலோ பள்ளியிலோ வேலை.

இங்கிருந்து மேலே போனவர்களைப் பார்த்தால் இந்த லீக்குகள் எதற்கு இருந்தன என்பது புரியும். ஓடிஸ் சிஸ்ட்ரங்க் கல்லூரி வாசலை மிதிக்காதவர். மரைன் படை வீரராக இருந்துவிட்டு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நார்ஃபோக் நெப்டியூன்ஸ் அணியில் ஆடி, 1972-இல் ஓக்லாந்து ரெய்டர்ஸில் சேர்ந்து, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். மூன்று சூப்பர் பவுல் வென்ற பயிற்சியாளர் பில் வால்ஷ் 1967-இல் சான் ஹோசே அபாச்சீஸ் என்ற கான்டினென்டல் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1970-இல் ஆர்லாண்டோ பாந்தர்ஸ் அணிக்காக, உதைப்பவருக்குப் பந்தைப் பிடித்து நிறுத்தும் இடத்தில் ஆடிய பட்ரீஷியா பலிங்கஸ், தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் பெண்.

இதற்கு முந்தைய உதாரணம் இன்னும் பெரியது. 1955-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கழற்றிவிட்ட ஜானி யுனைட்டஸ், கட்டட வேலை செய்துகொண்டே புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற அரைத்தொழில் அணியில் ஆட்டத்துக்கு 6 டாலர் வாங்கி ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை எடுத்தது. 1958-லும் 1959-லும் சாம்பியன்.

ஆனால் இந்த அலையும் வற்றியது. 1959-இல் என்எஃப்எல்லில் 12 அணிகள். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோடு இணைந்தபின் 1970-இல் 26 அணிகள். நகரங்கள் ஒவ்வொன்றாகப் பெரிய லீக்குக்குள் போயின. மிச்ச ஊர்களில் ஞாயிறன்று வீட்டிலேயே உட்கார்ந்து தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் பார்க்க முடிந்தது. கான்டினென்டல் 1969-லும் அட்லான்டிக் கோஸ்ட் 1973-லும் நின்றன.

ஐரோப்பாவில் ஒரு கிளை

என்எஃப்எல் தன் கைப்பணத்தைப் போட்டு நடத்திய ஒரே கிளை லீக் 1991-இல் வேர்ல்டு லீக் என்ற பெயரில் வந்தது. பத்து அணிகள், அதில் லண்டன், பார்சிலோனா, ஃபிராங்ஃபர்ட் மூன்றும் ஐரோப்பாவில். இரண்டு ஆண்டில் நின்று, 1995-இல் முழுக்க ஐரோப்பிய லீக்காகத் திரும்பியது. 1998-இல் என்எஃப்எல் யூரோப் என்று பெயர் மாறியது. அணிகள் தங்கள் பட்டியலின் கடைசி வீரர்களை வசந்தத்தில் அங்கே அனுப்பி ஆட வைக்கும்.

கர்ட் வார்னர் என்ற குவார்ட்டர்பேக்கின் கதையை அமெரிக்காவில் தெரியாதவர் இல்லை. 1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. அயோவா மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவில் அலமாரி அடுக்கினார். பிறகு உள்ளரங்க லீக்கில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்கு மூன்று சீசன் ஆடினார். 1998-இல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ். 1999 சீசனில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பவுல் வாங்கித் தந்தார். ஆடம் வினாட்டியேரி, ஜேக் டெலோம், ஜேம்ஸ் ஹாரிசன் ஆகியோரும் ஐரோப்பா வழியாக வந்தவர்கள்தான்.

அப்படியானால் 2007-இல் ஏன் மூடினார்கள்? ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் நஷ்டம். கடைசி சீசனில் ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில் என்று சுருங்கியும்விட்டது. என்எஃப்எல்லின் வருமானத்துக்கு முன் 3 கோடி பெரிய தொகை இல்லை. அதே வேலையைக் கல்லூரி இலவசமாகச் செய்கிறது என்ற எண்ணம்தான் அந்தத் தொகையைப் பெரிதாகக் காட்டியது. என் பார்வையில் அது அவசர முடிவு. நடுத்தரக் குவார்ட்டர்பேக்குகள் ஆடிப் பழக இடமே இல்லை என்ற புகாரைப் பயிற்சியாளர்கள் அதன்பின் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள்.

உள்ளரங்கம்

ஜிம் ஃபாஸ்டர் தொடங்கிய அரீனா ஃபுட்பால் லீக் 1987 முதல் ஆடியது. 50 கஜம் நீளக் களம், பக்கத்துக்கு எட்டு பேர், கூடைப்பந்து அரங்கத்துக்குள் ஆட்டம். செலவு குறைவு, வேகம் அதிகம். அதனாலேயே மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட நாள் நின்றது. டாலஸ் கவ்பாய்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் உள்பட சில என்எஃப்எல் முதலாளிகளும் இதில் அணி வாங்கினார்கள். விலையும் சம்பளமும் ஏறின. 2009 சீசனையே ரத்து செய்யும் நிலை வந்தது. 2010-இல் திரும்பி 2019-இல் மூடியது. 2024-இல் 16 அணிகளோடு அதே பெயரில் தொடங்கிய முயற்சி சில வாரங்களிலேயே சிதறியது. இண்டோர் ஃபுட்பால் லீக் மட்டும் 2009 முதல் அடக்கமான செலவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வசந்த லீக்குகளை வீழ்த்துவது எது?

1. ஆள் கணக்கு. கூடைப்பந்து அணிக்குப் பதினைந்து பேர் போதும். இங்கே தாக்க ஒரு குழு, தடுக்க ஒரு குழு, உதைக்க ஒரு குழு என்று ஐம்பது பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் விமானம், விடுதி, கவசம், மருத்துவர். ஆட்டமோ சீசனுக்குப் பத்துதான், உள்ளூரில் ஐந்து. ஐந்து நாள் டிக்கெட் விற்று ஐம்பது பேரை ஆண்டு முழுக்கத் தாங்க முடியாது.

2. காப்பீடு. அடிபடாத கால்பந்து வீரர் இல்லை. ஏஏஎஃப்பின் ஆர்லாண்டோ அணி, ஃபுளோரிடாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டச் சிக்கலால், தினமும் பயிற்சிக்கு ஜார்ஜியா மாநில எல்லைக்குள் இடம் தேடிப் போக வேண்டியிருந்தது.

3. தொலைக்காட்சி. 2001-இன் முதல் எக்ஸ்எஃப்எல் என்பிசி தொலைக்காட்சியும் மல்யுத்த நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. முதல் இரவு ஏராளமானோர் பார்த்தார்கள். சில வாரத்தில் பார்வையாளர் சரிந்தனர். இரு தரப்புக்கும் தலா 3.5 கோடி டாலர் அளவில் நஷ்டம். ஒரே சீசன். ஒளிபரப்பாளர் பணம் கொடுத்தால் பிழைக்கலாம், நேரம் மட்டும் கொடுத்தால் முடியாது.

4. என்எஃப்எல் சம்மதம். ஏஏஎஃப்பில் 25 கோடி டாலர் போடுவதாக முன்வந்த டாம் டண்டன், பிராக்டிஸ் ஸ்குவாட் வீரர்களை வசந்தத்தில் தங்களுக்குத் தர வேண்டும் என்று கேட்டார். வீரர்கள் சங்கத்திடமிருந்து அந்தச் சம்மதம் வரவில்லை. சங்கத்தின் நிலையைப் புரிந்துகொள்ள முடியும்: ஓய்வுக் காலத்தில் ஆடி முழங்கால் உடைந்தால் யார் பொறுப்பு? லீக் நின்றது. பல வீரர்கள் சொந்தச் செலவில் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்ததாகச் செய்திகள் வந்தன.

போட்டி லீக்காக மாற முயன்றால் அதுவும் வேறு வகை ஆபத்து. 1980-களின் யுஎஸ்எஃப்எல் வசந்தத்தில் நன்றாகவே ஆடியது. ஸ்டீவ் யங், ரெஜி ஒயிட், ஜிம் கெல்லி எல்லோரும் அதில் இருந்தார்கள். டொனால்டு டிரம்ப் உள்ளிட்ட சில உரிமையாளர்கள் இலையுதிர்காலத்துக்கு மாறி என்எஃப்எல்லோடு நேருக்கு நேர் மோத விரும்பினார்கள். ஏகபோக வழக்குப் போட்டார்கள். 1986-இல் நீதிமன்றத்தின் ஜூரி, என்எஃப்எல் ஏகபோகம் செய்தது உண்மை என்று சொல்லி, நஷ்டஈடாக 1 டாலர் வழங்கியது. சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர் ஆனது. லீக் அத்தோடு முடிந்தது.

இன்றைய அமைப்பு

யுஎஃப்எல்லில் எட்டு அணிகள், பத்து ஆட்டம். ஃபாக்ஸ் தொலைக்காட்சி, ரெட்பேர்ட் கேபிட்டல், நடிகர் டுவைன் ஜான்சன், டேனி கார்சியா முதலியோர் உரிமையாளர்கள். அணிகளுக்குத் தனி முதலாளி இல்லாமல் லீக்கே எல்லாவற்றையும் வைத்திருக்கும் முறையில் இது தொடங்கியது. வீரர்கள் லீக்கோடு ஒப்பந்தம் செய்கிறார்கள். ஓர் அணி அளவுக்கு மீறிச் செலவழித்து மற்றவர்களை இழுத்துக்கொண்டு போவதை இது தடுக்கிறது. முதல் சீசன்களில் எல்லா அணிகளும் டெக்சஸின் ஆர்லிங்டனில் தங்கிப் பயிற்சி எடுத்து, ஆட்டத்துக்கு மட்டும் "சொந்த" ஊருக்குப் பறந்தன. செலவு குறைந்தது, ஊரோடு ஒட்டுதலும் குறைந்தது. இதற்கு விலக்கு செயின்ட் லூயிஸ். 2016-இல் ராம்ஸ் அணியைப் பறிகொடுத்த அந்த நகரம், தன் யுஎஃப்எல் அணியான பேட்டில்ஹாக்ஸின் ஆட்டங்களுக்கு 30,000 பேருக்கு மேல் திரண்டது. மக்களுக்கு ஆர்வமில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது.

சம்பளத்தை வைத்துப் பார்த்தால் படிநிலை தெளிவாகத் தெரியும். 2025-இல் யுஎஃப்எல் வீரருக்குக் குறைந்தபட்சம் சீசனுக்குச் சுமார் 62,000 டாலர். என்எஃப்எல் பிராக்டிஸ் ஸ்குவாடில் வாரத்துக்கு 13,000. 18 வாரமும் நீடித்தால் 2,34,000. பிரதான பட்டியலில் புது வீரருக்குக் குறைந்தபட்சம் 8,40,000. ஆடாமல் பயிற்சி மட்டும் செய்பவர், ஆடுகிறவரைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வாங்குகிறார்.

அப்படியும் ஏன் வருகிறார்கள்? ஒவ்வொரு கோடையிலும் என்எஃப்எல் அணிகள் தலா 90 பேரை முகாமுக்கு அழைத்து, ஆகஸ்ட் இறுதியில் 53 ஆகக் குறைக்கின்றன. 32 அணிகளில் 1,184 பேர் வெளியே போகிறார்கள். பாதிக்கும் குறைவானவர்களுக்கே பிராக்டிஸ் ஸ்குவாடில் இடம் உண்டு. மிச்சப் பேருக்குத் தேவை ஒன்றுதான்: புதிதாகப் பதிவான ஆட்டக் காட்சிகள், அதாவது அணித் தேர்வாளர்கள் பார்க்கக்கூடிய வீடியோ. யுஎஃப்எல் சீசன் ஜூனில் முடிகிறது. என்எஃப்எல் முகாம் ஜூலை கடைசியில் தொடங்குகிறது. அந்தச் சில வாரங்களில்தான் தொலைபேசி மணி அடிக்கும்.

யாருக்கு அடிக்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பந்தை உதைக்கும் கிக்கர்களுக்கும், உதைத்த பந்தைப் பிடித்து ஓடுபவர்களுக்கும் அதிகம். அவர்களின் திறமையைச் சுற்றியுள்ள பத்து பேரின் தரத்தைப் பொருட்படுத்தாமல் அளந்துவிடலாம். 60 கஜ உதை எந்த லீக்கிலும் 60 கஜம்தான். பிராண்டன் ஆப்ரி சாக்கர் வீரராக டொரான்டோ அணிக்குத் தேர்வானவர், பிறகு மென்பொருள் பொறியாளர். யுஎஸ்எஃப்எல்லின் பர்மிங்ஹாம் ஸ்டாலியன்ஸ் அணிக்கு உதைத்துவிட்டு 2023-இல் டாலஸ் கவ்பாய்ஸில் சேர்ந்து, தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 35 ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) அடித்துச் சாதனை படைத்தார். கவான்டே டர்பின் 2022 யுஎஸ்எஃப்எல்லின் சிறந்த வீரர். அதே ஆண்டு கவ்பாய்ஸுக்கு ஆடி, என்எஃப்எல்லின் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கும் தேர்வானார். கிக்கர் ஜேக் பேட்ஸ் யுஎஃப்எல்லின் மிச்சிகன் பாந்தர்ஸிலிருந்து 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

வீரர்களைப்போல விதிகளும் கீழிருந்து மேலே போகின்றன. 2024-இல் என்எஃப்எல் தொடக்க உதையின் முறையை அடியோடு மாற்றியது. இரு அணி வீரர்களும் நெருக்கமாக நின்று, பந்து பிடிபட்ட பிறகே அசையும் அந்த அமைப்பு 2020 எக்ஸ்எஃப்எல்லிலிருந்து எடுத்தது. முழு வேகத்தில் ஓடிவந்து மோதும் ஆபத்து குறைகிறது.

கல்லூரிப் பணம் வந்த பிறகு

இப்போது அடித்தளமே நகர்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி கல்லூரிகள் நேரடியாகவே வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, சுமார் 2.05 கோடி டாலர் வரை. பெரிய கல்லூரியின் குவார்ட்டர்பேக் ஒருவர் யுஎஃப்எல் அணி முழுவதையும்விட அதிகம் வாங்குவது நடக்கக்கூடிய காரியம்.

இதன் விளைவு யுஎஃப்எல்லுக்கு இரு விதமாக இருக்கும். டிராஃப்டில் எடுபடுவோமா என்ற சந்தேகத்தில் இருக்கும் வீரர் இனி கல்லூரியிலேயே இன்னோர் ஆண்டு இருந்துவிடுவார். அதனால் வசந்த லீக்குக்கு வருபவர் இன்னும் மூத்தவராக, ஒருமுறையாவது கழற்றிவிடப்பட்டவராக இருப்பார். இளம் திறமையை வளர்க்கும் லீக் என்ற விளம்பரம் எடுபடாது. மறுபக்கம், கல்லூரி இப்போது இலவசப் பயிற்சிக்கூடம் இல்லை. அது செலவை உணரத் தொடங்கிவிட்டது. சிறிய கல்லூரிகள் கால்பந்தைச் சுருக்கினால் அந்த வீரர்களுக்கு வேறு களம் வேண்டியிருக்கும். இந்த இரண்டில் எது வலுக்கும் என்பது அடுத்த சில டிராஃப்டுகளில் வயதுக் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

யுஎஃப்எல் அதற்குள் தன் பக்கத்தைச் சரிசெய்யப் பார்க்கிறது. 2026-க்கு மிச்சிகன், மெம்ஃபிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு கொலம்பஸ், லூயிவில், ஆர்லாண்டோவுக்குப் போனது. 60,000 இருக்கை அரங்கில் 10,000 பேர் உட்கார்ந்தால் தொலைக்காட்சியில் காலியாகத் தெரியும். அதே 10,000 பேர் சாக்கர் அரங்கை ஏறக்குறைய நிரப்பிவிடுவார்கள், வாடகையும் குறைவு. புது மூன்று ஊர்களிலும் சாக்கர் அரங்குகளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.